பேர் வேண்டாம், ஊர், தேதி, நேரம் வேண்டும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தலைவியாக இருக்கிறேன். 2020-ல் பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு எங்கள் தெருவுக்குத் திரும்பிய ஒருவருக்குக் கொரோனா வந்தது. அவர் மளிகைக் கடைக்குப் போனார், ரேஷன் வரிசையில் நின்றார். பரிசோதனை எடுத்து ஐந்து நாள் கழித்து, அவர் வீட்டு வாசலை அடைத்துத் தகரம் அடிக்க ஆள் வந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அதுவரை டிவியில் 'தருமபுரி 7' என்று எண் மட்டும் ஓடும். சமீபத்தில் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. இன்னொரு தொற்று வந்தால் பேரோடு உடனே அறிவிக்க வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். ரிசல்ட் உறுதியாகும் வரை மூச்சுவிடக் கூடாது, பயத்தில் ஊரே காலியாகிவிடும் என்று மீதிப் பேர். தகரம் அடிக்கப்பட்ட வீட்டு அம்மாவும் கூட்டத்தில் இருந்தார்; ஒரு வார்த்தை பேசவில்லை. எது சரி? இதையெல்லாம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் வரும் வரை காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வலுத்த அன்றே சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடத்தில் தொற்றியிருக்கலாம், மக்கள் என்ன செய்ய வேண்டும், எது இன்னும் தெரியவில்லை என்பது வரை எல்லாம் சொல்ல வேண்டும். பேரை மட்டும் சொல்லக் கூடாது. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, சட்டப்படியே இருக்கிறது.

உங்கள் குழுவில் பாதிப் பேர் பேரைக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 'தருமபுரி 7' என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? மாவட்டம் ஒகேனக்கல்லில் இருந்து சித்தேரி மலை வரை கிடக்கிறது. அந்த ஏழு பேர் அரூரிலா, பென்னாகரத்திலா, பக்கத்துத் தெருவிலா? பிள்ளையைக் கடைக்கு அனுப்பலாமா, நேற்று ரேஷன் வரிசையில் நின்ற மாமியாருக்கு என்ன செய்வது? 'எங்கே, எப்போது' என்ற கேள்விக்குப் பதில் வராத இடத்தில்தான் 'யார்' என்ற கேள்வி பிறக்கிறது. இத்தனை வருடம் பொது சுகாதாரத்தில் இருந்த பிறகு நான் உறுதியாக நம்புவது இது: மக்கள் பேரைக் கேட்பது, மற்ற தகவல் எதுவும் அவர்களுக்கு வந்து சேராததால். இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொல்லுங்கள், பேர் கேட்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள்.

இப்போது அந்த ஐந்து நாள். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2020-ல் வந்த கொரோனா, உடம்பில் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து நாள் எடுத்தது. சிலருக்கு 14 நாள் வரை. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவும். அதாவது திங்கட்கிழமை அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று தொற்று வாங்கியவர், சுமார் வியாழக்கிழமையில் இருந்தே தனக்குத் தெரியாமல் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை தகரம் வரும்போது நோய் அந்த வீட்டைத் தாண்டி மூன்றாவது ஆளிடம் போய்விட்டது. முதல் நாளே 'இந்தக் கடைக்கு இந்த நேரத்தில் வந்தவர்கள் வீட்டோடு இருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செலவு ஒரு பைசா இல்லை. ஐந்து நாள் கழித்துச் சொன்ன செய்தியால் அந்தக் குடும்பத்துக்கு அவமானம் மட்டும் மிஞ்சியது. மற்ற யாருக்கும் அது பயன்படவில்லை.

இதே கதை பெரிய அளவில் வூஹானில் நடந்தது. மருத்துவர் லீ வென்லியாங் 2019 டிசம்பர் 30 அன்று சக மருத்துவர்களுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பினார். ஜனவரி 3 அன்று காவல் துறை அவரை அழைத்து, பொய்ச் செய்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது ஜனவரி 20-ல். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த நகரத்தில் ஒரு குடியிருப்புப் பகுதியில் 40,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கலந்துகொண்ட விருந்து நடந்தது. 23-ம் தேதி நகரத்தை மூடினார்கள். அதற்குள் 50 லட்சம் பேர் வெளியே போய்விட்டதாக அந்த நகர மேயரே சொன்னார். பிப்ரவரி 7-ல் லீ அதே நோயில் இறந்தார். இவ்வளவுக்கும் சர்வதேச சுகாதார விதிமுறைகள் என்று ஒன்று 2007-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. உலகத்துக்கே ஆபத்தாகலாம் என்று மதிப்பிட்ட ஒரு நோயை 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஒரு நாடு உலக சுகாதார நிறுவனத்துக்கு 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்றால், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் தன் பக்கத்துத் தெருவுக்கு ஐந்து நாள் எடுத்துக்கொள்வதை எப்படி ஏற்பது?

'பயத்தில் ஊரே காலியாகிவிடும்' என்றவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் வந்தபோது லட்சக்கணக்கானோர் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி ஊரைவிட்டு ஓடினார்கள். தனியார் மருத்துவர்களில் பலரும் ஓடினார்கள். நூற்றுக்கணக்கில் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. நாடு முழுக்க அதிகாரப்பூர்வமாகப் பதிவான சாவு அறுபதுக்கும் குறைவு. அந்த மக்களை விரட்டியது வதந்தி. அது பிளேக்தானா, எத்தனை பேர், எந்த மாத்திரை கேட்கும் என்று நம்பகமான ஒருவர் தினமும் வந்து சொல்லியிருந்தால் அவ்வளவு பேர் ரயில் ஏறியிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. பிளேக்குக்கு டெட்ராசைக்ளின் கேட்கும், சாதாரண மாத்திரை. அந்தத் தகவல் சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை.

பயப்பட வேண்டிய விஷயத்துக்கு மக்கள் கொஞ்சம் பயப்படுவது நல்லதுதான். பயந்த கை சோப்பைத் தேடும். என்ன செய்வதென்று தெரியாத பயம்தான் கல்லை எடுக்கும். சென்னையில் 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஊழியர்கள் அடிபட்டார்கள். உரிய முறையில் கட்டி, ஆழமாகப் புதைத்த உடலில் இருந்து நோய் பரவாது என்ற எளிய விஷயம் அந்தத் தெருவுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சரி, பேர் ஏன் கூடாது? அந்த அம்மா கூட்டத்தில் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். ஒரு வீட்டில் தகரம் அடித்தால் தெரு முழுக்க என்ன பாடம் படிக்கிறது? காய்ச்சல் வந்தால் வாயைத் திறக்காதே என்று படிக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு, பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது. பேரைச் சொல்லி ஒரு நோயாளியைக் காட்டினால் பத்து நோயாளிகள் மறைந்துகொள்வார்கள். மறைந்த பத்துப் பேரிடமிருந்துதான் உங்கள் வீட்டுக்கு நோய் வரும். ஆகவே பேரை மறைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் தயவு மட்டும் இல்லை, உங்களையும் காப்பாற்றுவதற்காக. உச்ச நீதிமன்றமும் 2020 டிசம்பர் 9 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டால் ஒழிய, நோயாளிகளின் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொன்னது.

தனி ஆளுக்கு மட்டும் இல்லை, ஒரு கூட்டத்துக்கும் இது பொருந்தும். 2020 மார்ச் கடைசியில், தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று அறிவிப்புகளில் சொல்லப்போக, முஸ்லிம் வியாபாரிகளிடம் காய் வாங்காதே என்கிற அளவுக்குப் பேச்சு பரவியது. பிறகு தமிழக சுகாதாரத் துறை 'சிங்கிள் சோர்ஸ்' (ஒரே இடத்திலிருந்து வந்த தொற்று) என்று மட்டும் சொல்லத் தொடங்கியது. எங்கே கூடினார்கள், எந்தத் தேதிகள் என்பது அவசியமான தகவல். அவர்கள் எந்த மதம் என்பதால் யாருடைய நுரையீரலும் பிழைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராமத்தில் பேரைச் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். 'பெங்களூரிலிருந்து வந்த 34 வயது ஆண்' என்றால் உங்கள் தெருவில் அது ஒரே ஆள்தான். கேரளத்தில் 2020 மார்ச்சில் பத்தனம்திட்டாவில் இத்தாலியில் இருந்து வந்த குடும்பம் எந்தெந்த இடத்துக்கு எந்த நேரம் போனது என்று வழித்தட வரைபடம் வெளியிட்டார்கள், பேர் இல்லாமல். அந்த இடங்களில் இருந்த பலர் தாங்களாகவே போன் செய்து சொன்னார்கள், பெரிய உதவி. ஆனாலும் அந்தக் குடும்பம் யார் என்று தெரிந்துபோய், சமூக வலைதளங்களில் அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள்.

இதற்குப் பொது சுகாதாரத்தில் நாங்கள் வைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. நோயாளி சந்தித்தவர்களை ஆள் ஆளாகத் தேடிப்பிடிக்க முடிந்தால், வீட்டுக்குப் போய் அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள், ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. ரேஷன் வரிசை, பஸ், சந்தை, கல்யாண மண்டபம் மாதிரி யார் யார் நின்றார்கள் என்று தேடவே முடியாத இடமாக இருந்தால் அந்த இடத்தையும் நேரத்தையும் ஊருக்குச் சொல்லுங்கள். வயது, தொழில், எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் வேண்டாம். அப்புறம், சொல்வதற்கு முன் அந்த நோயாளியிடம் போய் 'இன்று மாலை இப்படிச் சொல்லப்போகிறோம்' என்று தெரிவித்துவிட வேண்டும். தன்னைப் பற்றிய செய்தியை ஒருவர் ஆட்டோ மைக்கில் முதன்முதலாகக் கேட்பது கொடுமை.

கோயம்பேடு நினைவிருக்கும். 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று பரவி, மே 5-ல் மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் அது வண்டி ஏறி அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று போய்விட்டது. பாலக்கோட்டிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் தக்காளி ஏற்றிப் போகிற ஓட்டுநர்களுக்கு, எந்த மார்க்கெட்டில் எந்தத் தேதியில் சிக்கல் என்ற தகவல் ஒரு நாள் முன்னால் கிடைப்பதற்கும் பின்னால் கிடைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்களைப் பற்றியும் கொஞ்சம். 2020 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழகத்தில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் பக்கத்துக் கிருஷ்ணகிரி. அதற்கு அர்த்தம், அதுவரை அங்கே யாருக்கும் பரிசோதனையில் உறுதியாகவில்லை என்பதுதான். அடுத்த சில நாளில் அங்கும் தொற்று வந்தது. ஓசூர் வழியாகத் தினமும் பெங்களூருக்குப் போய் வருகிற மாவட்டத்தில் இது நடக்கத்தான் செய்யும். ஆகவே 'எத்தனை பேருக்குத் தொற்று' என்று சொல்லும்போதெல்லாம் 'எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்து' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாத சுழியம் மக்களுக்குப் பொய்த் தைரியம் கொடுக்கும்.

நம் மாநிலம் நன்றாகச் செய்ததும் உண்டு. தினசரி அறிக்கையில் ஒவ்வொரு சாவையும் பேர் இல்லாமல், வயது, மாவட்டம், சர்க்கரை நோயா இரத்தக் கொதிப்பா, என்று சேர்ந்தார், என்று இறந்தார் என்று தனித்தனியாகப் போட்டார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தாமதமாக வந்தால் என்ன ஆகிறது என்பதை அந்த வரிகளைப் படித்தே பலர் புரிந்துகொண்டார்கள். மாநிலம் முழுமைக்கும் ஆகும் வேலைக்கு அந்த விவரம் சரி. உங்கள் தெருவுக்கு அது ஆகாது என்பதைத்தான் மேலே சொன்னேன். அதே அரசு 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் முன்பு கணக்கில் வராமல் போன 444 சாவுகளைச் சேர்த்து அறிவித்தது. விடுபட்டதைச் சேர்த்து அறிவித்தது சரியான செயல். ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை நடந்த சாவுகள் அவை. அந்த மாதங்களில் எண்ணைப் பார்த்து முடிவெடுத்த மக்களுக்குக் குறைவான எண்தான் கிடைத்தது. பின்னால் 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று ஆனபோது, கணக்கில் ஏறாத சாவுக்குக் குடும்பங்கள் எவ்வளவு அலைந்தன என்பதை உங்கள் குழுவிலேயே சிலர் சொல்லக்கூடும்.

தகவலை நிறுத்தி வைக்கிற அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. முன்கூட்டிச் சொல்லி, பிறகு வெறும் சளிக்காய்ச்சல் என்று ஆகிவிட்டால் 'ஊரைப் பயமுறுத்திவிட்டாய்' என்று மேலதிகாரியும் ஏசுவார், ஊரும் ஏசும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதில் நம் பங்கும் இருக்கிறது. முன்னெச்சரிக்கை தப்பாகிப்போனால் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, சொன்னவருக்கு நன்றி சொல்கிற ஊராக நாம் இருக்க வேண்டும். அதிகாரிகளும் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதை நிறுத்த வேண்டும். முகக்கவசத்தில் அதுதான் நடந்தது. நோய் இல்லாதவர்களுக்குத் தேவையில்லை என்று முதலில் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன் 5 அன்று பரவல் உள்ள இடங்களில் எல்லோரும் அணியலாம் என்று மாற்றியது. அறிவு வளரும்போது அறிவுரை மாறுவது இயல்பு. ஆனால் 'இப்போதைக்கு எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, மாறலாம்' என்று முதல் நாளே சொல்லியிருந்தால், மாற்றியபோது மக்கள் நம்பிக்கை இழந்திருக்க மாட்டார்கள்.

நல்ல அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகவே எழுதித் தருகிறேன். ஆட்டோ மைக்கிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி வந்தால் போதும்:

"நம்ம ஊர்ல காய்ச்சல், இருமலோட சில பேருக்குப் பரிசோதனை எடுத்திருக்கோம். ரிசல்ட் ரெண்டு நாள்ல வரும். என்ன காய்ச்சல்னு இன்னும் உறுதியாகலை. போன செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணியிலிருந்து பன்னெண்டு வரைக்கும் ரேஷன் கடைக்கு வந்தவங்க உடம்பைக் கவனிச்சுக்கோங்க. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா வெளியே போகாம கிராம சுகாதார செவிலியருக்கு போன் பண்ணுங்க, வீட்டுக்கே வருவாங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி சொல்றோம். புதுசா எதுவும் இல்லைன்னாலும் சொல்றோம்."

கடைசி வரி மிக முக்கியம். அடுத்து எப்போது சொல்வார்கள் என்று தெரிந்தால் இடையில் வருகிற வதந்தியை மக்கள் பாதிதான் நம்புவார்கள்.

இனி உங்கள் உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4-வது பிரிவு, மக்களைப் பாதிக்கும் விஷயங்களை யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. 7(1) பிரிவில், ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் வழக்கமான 30 நாள் இல்லை, 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மனுவில் 'உயிர் சம்பந்தப்பட்டது, 48 மணி நேரத்துக்குள் வேண்டும்' என்று முதல் வரியிலேயே எழுதி, ஏன் அப்படி என்று காரணமும் ஒரு வரி எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய். தருமபுரியில் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் அலுவலகம் என்று முன்பு சொன்ன மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கிராமவாரியாக எத்தனை பரிசோதனை, எத்தனை தொற்று, என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். தனிநபர் விவரத்தைக் கேட்டால் அதைக் காட்டியே மொத்த மனுவையும் நிராகரிக்க வழி கொடுத்துவிடுவீர்கள்.

தகவல் மேலிருந்து கீழே வந்தால் மட்டும் போதாது, கீழிருந்தும் போக வேண்டும். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் நாலைந்து பேருக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் என்றால் நீங்களே செவிலியரிடமோ 104 எண்ணிலோ சொல்லுங்கள். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-லிருந்து இருக்கிறது. கிராமத்திலிருந்து வருகிற இந்த மாதிரிச் செய்திதான் அதற்கு ஆதாரம். காசு கொடுக்கல் வாங்கலுக்காக வாராவாரம் வீடு வீடாகப் போகிற உங்கள் குழுவைவிட யாருக்கு முதலில் தெரியப்போகிறது?

இன்னொன்று, இப்போது நோய் எதுவும் இல்லாத நேரத்திலேயே செய்ய வேண்டியது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள். ஊரில் தொற்று சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் இடமும் தேதியும் சொல்லி அறிவிக்க வேண்டும்; பேர், சாதி, மதம், வீட்டு எண் எதுவும் வெளியே வரக் கூடாது; தனிமையில் இருக்கிற குடும்பத்துக்கு ரேஷனும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று எழுதியிருக்க வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டோடு இருந்தாலும் பசி கிடக்க மாட்டோம் என்று தெரிந்தால்தான் காய்ச்சல் வந்தவர் தானே முன்வந்து சொல்வார். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு, நகல் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.